காற்று எங்கே போகிறது? பழைய எம்.எக்ஸ்.-5 ஏசி பற்றி

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நீங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறீர்கள். உங்கள் மாமா வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த 1991 மாஸ்டா எம்.எக்ஸ்.-5, 1.6 லிட்டர், வலப்பக்க ஸ்டியரிங், இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ப்ளோயரை, அதாவது காற்றைத் தள்ளும் விசிறியை, உச்ச வேகமான 4இல் வைத்தால் சத்தம் பெரிதாக வருகிறது, முகத்துக்குக் காற்று எப்போதுமே வருவதில்லை. இரண்டு கடைகளில் காஸ் போட்டாயிற்று. போன வருடம் ப்ளோயர் மோட்டார் எரிந்துபோய், கிடைத்த மோட்டார் ஒன்றை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். “இதைவிடப் பவரான மோட்டார் எந்தக் காரிலிருந்து எடுத்தால் பொருந்தும்?” என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் உங்களை வாட்டுவது மோட்டார் இல்லை, காற்று வராதது. எனவே காற்று ஏன் வரவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். மோட்டார் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குள் அந்தக் கேள்வியே தேவையில்லாமல் போனாலும் போகலாம்.

நான் ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன் படித்தவன். சயானில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்துக் கார் ஏசி வேலை மட்டும் பார்க்கிறேன். பழைய ஜப்பானியக் கார்கள் நிறைய கைக்கு வந்திருக்கின்றன. உங்கள் காரை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் “இதுதான் கோளாறு” என்று எழுத மாட்டேன். எந்தச் சோதனை எதைக் காட்டிக்கொடுக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். சந்தேகமான இடங்களைச் சந்தேகம் என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். குளிர் குறைவது வேறு, காற்று குறைவது வேறு. காஸ், கம்ப்ரசர் (காஸை அழுத்தும் பம்ப்), கண்டன்சர் (காரின் மூக்கில் சூட்டை வெளியே விடும் பகுதி), எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குள் காஸை அளந்து விடுவது) எல்லாம் குளிரோடு சேர்ந்தவை. ப்ளோயர், காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் தகடுகள், டக்ட் (காற்றுக் குழாய்), ஃபிளாப் (காற்றைத் திருப்பிவிடும் கதவு), காற்று வெளிவரும் டாஷ்போர்டு ஓட்டைகள் இவையெல்லாம் காற்றோடு சேர்ந்தவை. காஸே இல்லாத காரிலும் ப்ளோயர் முழு வேகத்தில் வீசத்தான் வேண்டும். காற்று வரவில்லை என்று போனவருக்கு காஸ் போட்டு அனுப்புவது, கண் தெரியவில்லை என்று வந்தவருக்குப் பல் பிடுங்குவது மாதிரி. ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மும்பையில் அதை அடிக்கடி பார்க்கிறோம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

அது கூலிங் காயில் உறைவது. வண்டியை எடுக்கும்போது காற்று ஓரளவு வந்து, கிழக்கு விரைவுச் சாலையில் இருபது முப்பது நிமிடம் போனபின் மெல்ல மெல்லக் குறைந்து, ஏசி பட்டனை அணைத்து ப்ளோயரை மட்டும் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டால் திரும்பப் பழையபடி வருகிறதா? அப்படியானால் காயிலில் பனிக்கட்டி கட்டுகிறது. கார் நின்றபின் அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டுவது இன்னொரு அடையாளம். காரணங்கள் மூன்று. காயில் தகடுகளுக்கு இடையில் செருகியிருக்கும் தெர்மோஸ்டாட்டின் உணரி இடம் பெயர்ந்திருக்கலாம், அல்லது செத்திருக்கலாம். உறைநிலைக்கு அருகில் போகும்போது கம்ப்ரசரை நிறுத்த வேண்டியது அதன் வேலை. காஸ் குறைந்திருக்கலாம். ஆர்-134ஏ காஸில் கீழழுத்தம் (காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம்) 28 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் காயிலுக்குள் வெப்பநிலை கிட்டத்தட்ட பூஜ்யம். அதற்கும் கீழே போனால் காயிலின் நுழைவுப் பக்கத்தில் பனி பிடிக்கும். மூன்றாவது, காற்றோட்டமே குறைவாக இருப்பது. காயில்மேல் போதுமான சூடான காற்று படாவிட்டால் அது தானே உறையும். உறைந்ததும் காற்று இன்னும் குறையும். இந்தச் சுழலில் மாட்டிய காரில் எது முதலில் வந்தது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. நீங்கள் “எப்போதுமே காற்று இல்லை” என்று எழுதியிருப்பதால், பனி உங்கள் முதன்மைக் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் காலையில் வண்டியை எடுத்த முதல் நிமிடத்திலும் அரைமணி ஓடிய பிறகும் காற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

மும்பையில் ஏன் இது அதிகம் என்று கேட்கலாம். டெல்லியின் மே மாத வறண்ட வெயிலில் ஏசியின் பாடு பெரும்பாலும் காற்றைக் குளிர வைப்பதோடு முடிகிறது. நமக்கு அப்படியில்லை. 33 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ காற்றில், அதாவது ஏறக்குறைய 900 லிட்டரில், 22 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்றை 10 டிகிரிக்கு இறக்கினால் ஏழரை கிராம்தான் அதில் தங்க முடியும். மீதிப் பதினைந்து கிராமும் காயில்மேல் தண்ணீராக வடிய வேண்டும். கணக்குப் போட்டால், காயிலின் உழைப்பில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீரைப் பிரிப்பதற்கே செலவாகிறது. புதுக் காற்று நிலையில் ஓட்டினால் மணிக்குச் சில லிட்டர் வடியும். நனைந்த தகடுகளுக்கு நடுவில் இடைவெளி குறைவு. தூசி அதில் சேறாக ஒட்டும். வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே நிற்கும். இடப்பக்கப் பயணி காலடிக் கம்பளம் ஈரமாக இருக்கிறதா, ஊறின சாக்கு வாடை வருகிறதா பாருங்கள். இருந்தால் வடிகால் அடைப்பு. இந்த ஊரில் வண்டியில் ஏறிய முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, அப்புறம் உள்காற்றுச் சுழற்சியில் வைத்து ஓட்டுவதுதான் சரி. அதற்கான நெம்புகோலை உங்கள் காரில் யாரும் நகர்த்தியதே இல்லை என்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி உங்கள் எழுத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன்: “போன வருடம் வேறு மோட்டார் மாட்டினார்கள்.” காற்று குறைந்தது அதற்குமுன்பா, பின்பா என்று நீங்கள் எழுதவில்லை. பின்பு என்றால், அந்த மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ப்ளோயரில் இருப்பது மேசை விசிறி மாதிரியான இறக்கை இல்லை; சின்னச் சின்னத் தகடுகள் வட்டமாக நிற்கும் கூண்டுச் சக்கரம். மேசை விசிறியைத் தலைகீழாகச் சுற்றினால் காற்று பின்பக்கம் போகும், உடனே தெரிந்துவிடும். கூண்டுச் சக்கரத்தைத் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாசல் வழியாகத்தான் வரும். பாதியோ, பாதிக்கும் குறைவோ வரும். சத்தம் மட்டும் தாராளமாக இருக்கும். பிளக் பொருந்தாத மோட்டாரை வயரை வெட்டி முறுக்கி இணைத்தவர் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றி இணைத்திருந்தால் இதுதான் நடக்கும். “ஓடுது சேட், காத்து வருது” என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

சோதிப்பது எளிது. இந்தக் காரில் ப்ளோயர் பயணிப் பக்கம் கிளவ் பாக்ஸுக்கு உள்ளே, இடது ஓரத்தில் இருக்கும். மோட்டாரைக் கழற்றிக் கையில் எடுங்கள். தகடுகள் வளைந்திருக்கும் அல்லவா? அந்த வளைவின் குழிந்த பக்கம் முன்னே செல்லும் திசையில் சக்கரம் சுற்ற வேண்டும். குழிவு பின்னால் வருகிறது என்றால் திசை தவறு. இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில மோட்டார்களில் கார்பன் பிரஷ்ஷை ஒரு திசைக்கு ஏற்ற மாதிரி சற்றுச் சாய்த்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டினால் சூடாகும், பிரஷ் சீக்கிரம் தேயும். இடப்பக்க ஸ்டியரிங் காரிலிருந்து வந்த மோட்டார் என்றால் இந்தச் சிக்கல் இருக்கலாம். அப்போது வயரை மாற்றுவது தற்காலிகம்தான். சரியான திசை மோட்டாரைத் தேட வேண்டும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் தேடும்போது மோட்டாரின் விட்டத்தையும் தண்டின் நீளத்தையும் மட்டும் பார்க்காமல் சுற்றும் திசையையும் பேட்டரி வைத்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டார் கையில் இருக்கும்போதே சக்கரத்தின் தகடுகளைப் பாருங்கள். எம்.எக்ஸ்.-5 முதல் தலைமுறையில் கேபின் ஃபில்டர் கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சல்லடை வழியாக விழும் அரச இலைத் துணுக்கு, புழுதி எல்லாம் நேராக ப்ளோயருக்குத்தான் வரும். தகடுகளின் குழிவில் தூசி நிரம்பிவிட்டால், பார்ப்பதற்குச் சக்கரம் முழுதாக இருக்கும், காற்றை அள்ள அதில் குழிவே இருக்காது. பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். சக்கரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகக் கிளிப்புகளைக் கழற்றிவிடாதீர்கள். அது எடைச் சமநிலைக்கு வைத்தது.

அடுத்து, திசை சரி, தகடும் சுத்தம், ஆனாலும் காற்று இல்லை என்றால் காது சொல்லும் ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த வகை ப்ளோயருக்கு வழியை அடைத்தால் அது திணறாது. சுமை குறைந்து இன்னும் வேகமாகச் சுற்றும், சத்தம் உச்ச ஸ்தாயிக்கு ஏறும், மின்னோட்டம் குறையும். வீட்டு வாக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்தினால் கேட்கும் அதே ஏற்றம்தான் இதுவும். ஆக, உங்கள் ப்ளோயர் 4இல் கீச்சென்று கத்தியும் காற்று இல்லை என்றால், அடைப்பு. மந்தமாக, இழுத்துப் பிடித்த மாதிரி ஓடிக் காற்று இல்லை என்றால், மின்சாரம் போதவில்லை அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. “சத்தம் பெரிதாக” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த மாதிரிச் சத்தம் என்பது முக்கியம். வேகம் 3க்கும் 4க்கும் சத்தம் மாறுகிறது, காற்று மாறவில்லை என்றால் அதுவும் அடைப்பின் பக்கம்தான் கைகாட்டுகிறது.

மின்சாரத்தைச் சோதிக்க லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓடட்டும், ப்ளோயர் 4இல் இருக்கட்டும். பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜ் பாருங்கள். அடுத்து மோட்டாரின் பிளக்கில், வயரைக் கழற்றாமல், ஓடும்போதே பாருங்கள். பேட்டரியில் 13.8, மோட்டாரில் 13.2 என்றால் கவலை இல்லை. மோட்டாரில் 11.8 என்றால் இரண்டு வோல்ட் வழியில் தொலைகிறது. சக்கரத்தின் வேகம் பதினைந்து சதவீதம் அளவில் குறையும், காற்றும் அதே விகிதத்தில் குறையும். அதைவிட முக்கியம், 15 ஆம்ப் ஓடும் வயரில் இரண்டு வோல்ட் இழப்பு என்றால் 30 வாட் சூடு எங்கேயோ ஓர் இணைப்பில் இறங்குகிறது. கடல் காற்றில் பச்சை பூத்த எர்த் இணைப்பு, உருகத் தொடங்கிய ஸ்விட்ச் பிளக், முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். முறுக்கிய ஒட்டைச் சால்டர் செய்யவோ, நல்ல கிரிம்ப் போடவோ சொல்லுங்கள்.

இதற்கு அப்புறம்தான் கூலிங் காயில். உங்கள் காரில் ப்ளோயர் பெட்டி, காயில் பெட்டி, ஹீட்டர் பெட்டி மூன்றும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இடமிருந்து நடுப்பகுதிவரை வரிசையாக நிற்கும். ஃபில்டர் இல்லாமல் முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய காயிலின் முகப்பில் தூசியும் பஞ்சும் சேர்ந்து கம்பளம் நெய்த மாதிரி ஒரு படலம் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு தடிமன் என்பதுதான் தெரியாது. ப்ளோயர் மோட்டாரைக் கழற்றிய ஓட்டை வழியாக போன் கேமராவுக்கு மாட்டும் குட்டிப் பாம்புக் கேமராவை விட்டுப் பார்க்கலாம். மெல்லிய படலம் என்றால் கார் காயிலுக்கென்று விற்கும் நுரைக் கிளீனரை அடித்து, வடிகால் வழியாக அழுக்கு இறங்கும்வரை விடலாம். வீட்டு ஏசிக்காரர்கள் வெளிப்பெட்டிக்கு அடிக்கும் ஆசிட் கலவையைக் கிட்டே விடாதீர்கள். அலுமினியத் தகடு அரித்துப்போகும், அதன் வாடையும் உங்கள் மூக்குக்குத்தான் வரும். கம்பளம் தடிமனாக இருந்தால் நுரை அதைக் கரைக்காது, உள்ளே தள்ளி இன்னும் கெட்டிப்படுத்தும். அப்போது காயிலை வெளியே எடுப்பதுதான் வழி. இந்தக் காரில் கிளவ் பாக்ஸைக் கழற்றி முழு டாஷ்போர்டையும் இறக்காமலே காயில் பெட்டியை எடுக்க முடியும் என்பது நல்ல செய்தி. அதற்குக் காஸை மெஷினில் இழுத்து எடுக்க வேண்டும். பைப்பைத் தளர்த்தி வெளியே ஊதிவிடும் கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். திறந்த பிறகு எல்லா ஓ-ரிங்கும் (இணைப்புகளின் ரப்பர் வளையம்) புதிது, ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிது. மழைக்காலத்தில் செய்தால், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் வாக்குவத்தை வழக்கமான அரைமணியோடு நிறுத்தாமல் ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள்.

காயில் பெட்டியை எடுத்தால் கிடைக்கும் இன்னொரு லாபம், பெட்டிகளின் மூட்டுகளைப் பார்க்கலாம். பழைய கார்களில் காற்று தொலையும் பெரிய இடமே இவைதான் என்பது என் கணிப்பு. ப்ளோயர் பெட்டியும் காயில் பெட்டியும் சேரும் இடத்தில் இருக்கும் ஃபோம், ஃபிளாப்களின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஃபோம், டக்ட் டாஷ்போர்டு ஓட்டையோடு சேரும் இடத்து ஃபோம் எல்லாம் பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் அது காலப்போக்கில் பொடியாகும். காற்றோட்டத்தில் கறுப்புத் துகள் முகத்தில் அடித்திருந்தால் அது தூசி இல்லை, ஃபோம்தான். அது போனபின் ப்ளோயர் தள்ளும் காற்றில் ஒரு பங்கு டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்குள் ஊதிக்கொண்டிருக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். கிளவ் பாக்ஸைக் கழற்றி, ப்ளோயரை 4இல், முகத்துக்கு வீசும் நிலையில் வைத்து, புகையை மூட்டுகள் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். நேராக எழும் புகை எங்கே சட்டென்று சிதறுகிறதோ அங்கே கசிவு. நெருப்பு ஃபோமில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலடி ஓட்டைகளிலும் முன்கண்ணாடி ஓட்டையிலும் கை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கசிவது சகஜம். முகத்துக்கு வருவதற்கு நிகராக அங்கே வந்தால் ஃபிளாப் முழுதாக மூடவில்லை. அடைப்பதற்கு ஈ.பி.டி.எம். அல்லது நியோப்ரீன் வகை மூடுசெல் ஃபோம் டேப், மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள். மெத்தைக்கடை ஸ்பாஞ்ச் ஒரு மழைக்காலம் தாங்காது. டக்ட் மூட்டுகளுக்கு அலுமினிய ஃபாயில் டேப்; துணி டேப் மே மாத வெயிலில் பசை உருகி வழியும்.

மியூசிக் சிஸ்டம் மாற்றியிருக்கிறீர்களா? இந்தக் காரில் நடு ஓட்டைகளுக்கான டக்ட் ஸ்டீரியோவுக்கு மேலேயே போகிறது. பெரிய செட்டை உள்ளே தள்ளி, வயர்க் கொத்தையும் அதன் பின்னால் அமுக்கியவர்கள் டக்டை நசுக்கியிருப்பதும், இடத்தைவிட்டு நகர்த்தியிருப்பதும் அடிக்கடி பார்க்கும் காட்சி. நான்கு வட்ட ஓட்டைகளில் ஓரத்து இரண்டும் பரவாயில்லை, நடு இரண்டும் மோசம் என்றால் அங்கேதான் தேட வேண்டும்.

ஹீட்டர் பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தத் தலைமுறை எம்.எக்ஸ்.-5இல் ஹீட்டர் காயிலுக்குப் போகும் சுடுநீரை நிறுத்தும் வால்வு கிடையாது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹீட்டர் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். குளிர்ந்த காற்று அதன் பக்கம் போகாமல் தடுப்பது ஒரே ஒரு ஃபிளாப். அதை இழுக்கும் கேபிளின் கிளிப் அரை அங்குலம் நழுவினாலும் காற்றின் ஒரு பங்கு ஹீட்டருக்குள் நுழைந்து சூடாகித் திரும்பும். இதனால் காற்றின் அளவு பெரிதாகக் குறையாது, குளிர் குறையும். நெம்புகோலைக் கடைசிவரை குளிர் பக்கம் தள்ளிவிட்டு, ஃபிளாப் உண்மையிலேயே கடைசிவரை போய் முட்டுகிறதா என்று பார்த்துக் கிளிப்பை மறுபடி பூட்டினால் போதும். மும்பையில் ஹீட்டர் எதற்கு என்று இரண்டு ஹோஸையும் அடைத்துவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. இந்த எஞ்சினில் அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் (காயிலில் இருப்பது வேறு) எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. ஹீட்டருக்குப் போகும் நீர் எஞ்சின் ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து கிளம்புகிறது. அந்த ஓட்டத்தை நிறுத்தினால் பின் சிலிண்டர்களுக்கு நீரோட்டம் குறையும். ஹீட்டரை விலக்கியே ஆக வேண்டும் என்றால் நீர் சுற்றிவரும்படி பைபாஸ் வால்வு போடுங்கள். முப்பது வருட ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கிச் சோதிப்பதும் வேண்டாம், அன்றைக்கே வெடிக்கும்.

இத்தனையும் செய்யும்போது ஒவ்வொன்றிலும் எவ்வளவு முன்னேற்றம் என்று அறியக் கையை வைத்து “பரவாயில்லை போலிருக்கு” என்று சொன்னால் ஏமாந்துவிடுவோம். காற்றுவேக மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பெரிய குப்பைப் பை. பையைக் காற்றில்லாமல் மடக்கி, வாயை ஓட்டையைச் சுற்றிப் பிடித்து, நிரம்பும் நேரத்தை போனில் வீடியோ எடுங்கள். 50 லிட்டர் பை இரண்டு வினாடியில் நிரம்பினால் அந்த ஓட்டையில் மணிக்கு 90 கன மீட்டர். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் அதே பை, அதே ஓட்டை, அதே வேகம் என்றிருந்தால் போதும். அதோடு இன்னொன்று: புதுக் காற்று நிலையில், கூரையும் கண்ணாடியும் மூடிய பிறகு காற்று குறைந்து, ஒரு கண்ணாடியை விரலளவு இறக்கினால் கூடுகிறதா பாருங்கள். கூடினால் உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லை என்று பொருள்.

முன்பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. இது டாஷ்போர்டுக் காற்றைப் பாதிக்காது, சிக்னலில் நிற்கும்போது குளிர் போவதைப் பாதிக்கும். இந்தக் காருக்கு மூக்கில் இருக்கும் வாய் சிறியது. 500க்கு 120 மில்லிமீட்டர் நம்பர் பிளேட்டை அந்த வாய்க்குக் குறுக்கே மாட்டியிருந்தால் கண்டன்சருக்குப் போகும் காற்றில் கணிசமான பங்கு போயிற்று. சட்டப்படி முன்னால் தெரிய வேண்டும், ஆனால் வாயை மறைக்காமல் சற்று மேலேயோ கீழேயோ மாட்ட இடமுண்டு. எஞ்சினுக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு காணாமல் போயிருந்தால் அதையும் தேடுங்கள். ஏசி போட்டதும் கூடுதல் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். கியர் நெம்புகோலின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் கியர்பாக்ஸ் சூடு நேராகக் காலுக்கு வரும். அதை ஏசியின் குறை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

காஸ் விஷயம். 1991இல் செய்த கார் ஆர்-12 காஸுக்காக வடிவமைத்தது. இப்போது உள்ளே இருப்பது ஆர்-134ஏவாகத்தான் இருக்க வேண்டும், அப்படி நம்புவோம். பழைய லேபிளில் எழுதியிருக்கும் எடையை அப்படியே ஆர்-134ஏ போட்டால் அது அதிகம். வழக்கமாக அதில் 80 முதல் 90 சதவீதம்தான் போடுவோம். இரண்டு கடைகளில் அடுத்தடுத்து டாப்-அப் செய்ததால் அளவு மீறியிருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. மேலழுத்தம் ஏறும், குளிர் குறையும், கம்ப்ரசர் கஷ்டப்படும். முழுக்க எடுத்துவிட்டு எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். ஆர்-12க்கு மாற்று என்று எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலவையைப் போடும் இடங்களும் இருக்கின்றன. காயில் உங்கள் காலுக்கு அருகில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து மறுத்துவிடுங்கள்.

கடைசியாக, பவரான மோட்டார். செய்ய முடியும், ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே டக்டில் 20 சதவீதம் கூடுதல் காற்றைத் தள்ள மின்சக்தி 73 சதவீதம் கூட வேண்டும். காற்று வேகத்தின் கனமாக (1.2 × 1.2 × 1.2) சக்தி ஏறும் என்பது விசிறிகளின் விதி. 15 ஆம்ப் இழுத்த இடத்தில் 26 ஆம்ப். அந்த முப்பது வருட ஸ்விட்ச், ரெசிஸ்டர், வயர் எதுவும் அதற்காகச் செய்ததல்ல. கசிவை அடைக்காமல் செய்தால் அந்தக் கூடுதல் காற்றிலும் ஒரு பங்கு டாஷ்போர்டுக்குப் பின்னால்தான் போகும். அடைத்தபின் செய்தாலும், காயிலின் திறன் கூடாததால், கூடுதலாக வரும் காற்று முன்பைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே வரும். எல்லாம் சரிசெய்து, பை சோதனையிலும் திருப்தி இல்லாமல், பெரிய மோட்டார்தான் வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்து தனி ரிலே, தனித் தடிமனான வயர், அந்த வயருக்கேற்ற தனி ஃப்யூஸ் போட்டு 4ஆம் வேகத்தை மட்டும் அதன் வழியாக ஓட்டுங்கள். பழைய ஃப்யூஸ் எரிகிறது என்று அதே இடத்தில் பெரிய ஃப்யூஸைச் செருகும் கடையாக இருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அதுவரை இந்த வாரம் செய்ய வேண்டியது மோட்டாரைக் கழற்றி அது எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்ப்பது. தகடு வளைவு தெரியும்படி ஒரு படமும், இரண்டு இடத்து வோல்ட்டேஜும் இங்கே போடுங்கள். காயிலைக் கழற்றும் செலவு தேவையா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.